திருப்பிக் கொடுத்த மொய்

எங்கள் பக்கத்தில் மொய் வைக்காத விசேஷம் கிடையாது. சிறுதொழில் செய்கிறவர்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் கைகொடுப்பது என்று ஆரம்பித்த எங்கள் கூட்டமும் கடைசியில் மொய்க் கணக்காகத்தான் ஆனது. சனிக்கிழமை காலையில், ஒரு வாரம் பெரம்பலூரிலும் மறுவாரம் அரியலூரிலும், ஏதாவது ஒரு ஓட்டல் மாடியில் கூடுவோம். பேக்கரிக்காரர், போர்வெல் வண்டி வைத்திருப்பவர், தார்ப்பாய்க் கடைக்காரர், அரியலூரில் சிமெண்டு லாரிகளுக்கு டயர் வேலை பார்ப்பவர், கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவர் என்று சுமார் ஐம்பது பேர். இட்லி வருவதற்கு முன்னால் ஒவ்வொருவராக எழுந்து, போன வாரம் யாருக்கு என்ன செய்தேன், இந்த வாரம் எனக்கு என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும். என் கடைக்கு நீ ஆள் அனுப்பினால் உன் கடைக்கு நான் அனுப்புவேன். ஆரம்பித்தவர்கள் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு நல்ல பெயர் வைத்திருந்தார்கள். நாங்கள் மொய் என்றுதான் சொல்வோம்.

என்னை அந்தக் கூட்டத்துக்குக் கூட்டிப்போனவர் பேக்கரி அண்ணன். மக்காச்சோளம் அடிக்கிற மிஷினை போனிலேயே கூப்பிடுகிற மாதிரி ஒரு செயலி செய்து வைத்துக்கொண்டு நான் கடைகடையாக ஏறி இறங்கிய காலம் அது. பாதிப் பேர் நான் சீட்டுப் பிடிக்க வந்திருப்பதாக நினைத்தார்கள். அவர் மட்டும் உட்காரச் சொல்லி, ஒரு பன்னும் டீயும் கொடுத்து, முழுதாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை என்னை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, இது என் தங்கச்சி, நம்ம மாவட்டத்துக்கே பேர் வாங்கித் தரப்போவுது என்று சொல்லிவிட்டார். அன்று முதல் நான் அந்த ஐம்பது பேருக்கும் தங்கச்சி.

செயலி இவ்வளவுதான்: கதிர் ஒடித்துக் காயவைத்திருக்கும் விவசாயி, ஊரையும் ஏக்கரையும் போட்டால், பக்கத்தில் இருக்கும் மிஷின்காரர்களுக்கு போன் அடிக்கும். மிஷின்காரர் ஒருவர் சரி என்று அழுத்தினால் வண்டி அந்த விவசாயிக்கு. மற்றபடி, சீசனில் யார் சத்தம் போடுகிறார்களோ அவர்கள் களத்துக்குத்தான் மிஷின் போகும். எங்கள் வீட்டுச் சோளமே ஒரு வருஷம் மிஷினுக்குக் காத்திருந்து களத்திலேயே முளைவிட்டது. அந்த எரிச்சலில் செய்த செயலி அது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். நல்ல காரியம் ஏதாவது நான் செய்திருந்தால் அதுவும் கோபத்தில் செய்ததாகத்தான் இருக்கும்.

ஊரிலேயே இருந்து தொழில் செய்கிற என்னைப் போன்றவர்களைத் தேர்ந்தெடுத்து ஒரு வருஷம் தாங்கிப்பிடிக்கிற திட்டம் ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தேன். உட்கார இடம், சர்வர் செலவு, விஷயம் தெரிந்தவர்களின் யோசனை எல்லாம் கிடைக்கும். சென்னையிலிருந்து தேர்வுக் குழு நேரில் வந்து பார்க்கும் என்றார்கள். ஒரே நிபந்தனை, உண்மையான வாடிக்கையாளர் நூறு பேராவது இருக்க வேண்டும். என்னிடம் எண்பத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள். கையில் இருந்த சேமிப்பு கரைந்துவிட்டது. ஓசூரில் ஒரு கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டு, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தது. திட்டம் கிடைத்தால் பெரம்பலூர், இல்லாவிட்டால் ஓசூர். அம்மா இரண்டாவதுதான் நடக்கும் என்று முடிவுகட்டி என் பெட்டியை வெயிலில் காயவைத்துவிட்டார்.

குழு வருவதற்கு முந்தைய சனிக்கிழமை அரியலூரில் கூட்டம். என் முறை வந்தபோது எழுந்து நின்று, எனக்கு வேண்டியது நூறு பேர், இன்னும் பத்துப் பதினைந்து பேர் குறைகிறார்கள், உங்களுக்குத் தெரிந்த சோளக்காரர்கள் இருந்தால் சொல்லுங்கள் என்றேன். ஓசூரைப் பற்றியும் சொன்னேன். யாரும் கேலி செய்யவில்லை. அதுவே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடம். எங்கள் கூட்டத்தில் கேலி செய்யாமல் இருந்தார்கள் என்றால் ஏதோ செய்யப்போகிறார்கள் என்று அர்த்தம்.

குழு வருகிற வெள்ளிக்கிழமை விடிந்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். நூற்றுத் தொண்ணூறு பேர் என்றது திரை. முதலில் தப்பாகத் தெரிகிறது என்று மூடித் திறந்தேன். மறுபடியும் அதே எண். எழுந்து நின்று சிரித்தேன். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இவ்வளவு நாளும் வராத ஜனங்கள் ஒரே ராத்திரியில் எப்படி வந்தார்கள் என்று அம்மாதான் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு வராததற்காக என்னை நானே இன்னும் மன்னிக்க முடியவில்லை.

பெயர்களைப் பார்த்தேன். பேக்கரி அண்ணனின் மனைவி, பேக்கரியில் ரொட்டி போடுகிற மாஸ்டர், மாஸ்டரின் மச்சான். டயர்க்காரரின் இரண்டு மகன்கள். கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங் படிக்கிற பெண்கள் வரிசையாக. எல்லோரும் சோளம் போட்டிருந்தார்கள். எல்லோரும் மிஷின் கேட்டிருந்தார்கள். எல்லோருக்கும் அதே வெள்ளிக்கிழமை காலையில் வேண்டும். பொய் எண்ணோடு குழுவின் முன்னால் நிற்கப்போகிறேனே என்றுதான் முதலில் பயந்தேன். அதைவிடப் பெரிய பயம் போனில் வந்தது.

கூப்பிட்டவர் உடையார்பாளையத்து மிஷின்காரர். சோள சீசனில் டிராக்டரோடு பெரம்பலூர்ப் பக்கம் வந்து தங்கி, சீசன் முடிந்துதான் ஊருக்குப் போவார். என் செயலியை முதலில் நம்பியவர் அவர். சிறுவாச்சூரில் பத்து ஏக்கர் என்று புக்கிங் வந்தது, இருட்டிலேயே கிளம்பி வந்துவிட்டேன், இங்கே சோளமும் இல்லை, ஆளும் இல்லை, கோயில் கூட்டத்தில் வண்டி மாட்டிக்கொண்டது என்றார். வெள்ளியும் திங்களும் நடை திறக்கிற கோயில் அது. இரண்டு பக்கமும் கார், வேன், மாலைக்கடை. நடுவில் டிராக்டர், அதன் பின்னால் ஒரு வீட்டு அகலத்துக்குக் கதிரடிக்கிற மிஷின். முன்னாலும் போக முடியாது, திருப்பவும் முடியாது. அவர் கோபப்படவில்லை. நான் ஏதோ காரணத்தோடுதான் அனுப்பியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அந்தப் பத்து ஏக்கரைப் போட்டவர் யார் என்று பார்த்தேன். பேக்கரி அண்ணன்.

அன்று காலையில் நிஜமாகவே மிஷின் கேட்டிருந்தவர் ஒருவர்தான். அரியலூர் சாலையில் உள்ள ஓர் ஊரில், ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துச் சோளம் போட்டிருந்த ஓர் அக்கா. சாலையோரக் களத்தில் கதிரைக் குவித்துவிட்டு, முந்தைய நாள் ராத்திரி புக்கிங் போட்டிருந்தார். குழுவை அந்தக் களத்துக்கே கூட்டிப்போய், மிஷின் வருவதையும் சோளம் உதிர்வதையும் நேரில் காட்டுவதாக நான் ஏற்பாடு செய்திருந்தேன். இப்போது அவர் பெயருக்கு நேராக, வண்டி இல்லை என்று காட்டியது. பக்கத்தில் இருந்த மிஷின்களெல்லாம் பேக்கரிக்கும் டயர்க் கடைக்கும் கம்ப்யூட்டர் சென்டருக்கும் போயிருந்தன. பத்து ஏக்கர் கூப்பிடும்போது ஒன்றரை ஏக்கருக்கு யார் சரி என்று அழுத்துவார்கள்? சத்தம் போடுகிறவர்களுக்குத்தான் மிஷின் என்பதை மாற்றத்தானே இதைச் செய்தேன் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. ஜன்னலைத் திறந்தால் வடகிழக்கே வானம் கறுத்துக் கிடந்தது. தை மாதம். தை மழை தவிட்டுக்கும் ஆகாது என்பார்கள்.

பேக்கரி அண்ணனுக்கு போன் போட்டேன். எடுத்ததுமே அவர் குரலில் கல்யாண வீட்டுக் களை.

“பாத்தியா தங்கச்சி? நூறு கேட்ட, எரநூறா வச்சிருக்கோம். பொய்யின்னாலும் பொருத்தமா இருக்கணும்ல, அதான் என் மாமனார் ஊரைப் போட்டேன். சின்னதா போட்டா மருவாதி இல்லன்னு பத்து ஏக்கரா போட்டுட்டேன்.”

மொய்யில் பெயரை வாசித்தால் போதும், அந்தப் பெயருக்குரியவர் நேரில் வந்து நிற்க வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தில் செய்திருக்கிறார்கள். புக்கிங் போட்டால் எண் கூடும், குழு போனபிறகு ரத்து செய்துவிடலாம். அந்தப் பக்கம் ஒரு மனிதர் வண்டியைக் கிளப்புவார் என்று ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லை. நான் என்னென்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. மரியாதை இல்லாமல்தான் பேசினேன். அங்கே டிராக்டர் நிற்கிறது, இங்கே சோளம் நனையப்போகிறது, உங்களை யார் செய்யச் சொன்னது என்று கத்தினேன். அவர், வண்டி எங்க நிக்குது என்று மட்டும் கேட்டார். போனை வைத்துவிட்டார்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அரியலூர் சாலையில் போனேன். பெரம்பலூர் பாலக்கரை தாண்டும்போதே காற்று மாறியது. மண் வாசனை வந்தது. மற்ற நாளில் எனக்குப் பிடித்த வாசனை, அன்று பிடிக்கவில்லை. வழியில் வண்டியை நிறுத்தி நிறுத்தி, மற்ற மிஷின்காரர்களைக் கூப்பிட்டேன். ஒருவர் கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் நின்றுகொண்டு வாட்ச்மேனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் டயர்க் கடைவரை போய்விட்டு, என் எண்ணை இனிமேல் எடுக்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தார். ஒருவர் வரேன் என்றார், வரவில்லை. இடையில் குழுவிலிருந்து அழைப்பு. ராத்திரி திருச்சியில் தங்கிவிட்டுக் கிளம்பினோம், சிறுவாச்சூரில் பயங்கர நெரிசல், ஒரு டிராக்டர் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது, கொஞ்சம் தாமதமாகும் என்றார்கள். சரிங்க மேடம் என்றேன். அந்த டிராக்டர் என்னுடையதுதான் என்று சொல்ல வாய் வரவில்லை.

களத்துக்குப் போனபோது அக்கா கதிர்க் குவியலின் ஓரத்தில் நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கூட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. எனக்குப் பின்னால் மிஷின் வருகிறது என்று நினைத்திருக்கிறார். வரவில்லை என்று சொன்னேன். காரணம் சொல்லவில்லை, அதற்கு நேரமில்லை. அவரிடம் இருந்த ஒரு கிழிசல் தார்ப்பாய் குவியலில் கால்வாசியைத்தான் மூடியது. இருவருமாகக் கதிரை ஒன்றாகத் தள்ளிக் குவிக்க ஆரம்பித்தோம். நான் போட்டிருந்தது குழுவுக்காக இஸ்திரி போட்ட சுடிதார்.

முதல் தூறல் விழுந்தபோது ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. பேக்கரி அண்ணன் போனில் சொல்லி அனுப்பிய தார்ப்பாய்க் கடைக்காரர் அதிலிருந்து இறங்கினார். பின்னால் போர்வெல்காரர், கம்ப்யூட்டர் சென்டர்காரர், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். குழுவின் முன்னால் வாடிக்கையாளர்களாக நிற்பதற்காக எல்லோரும் வெள்ளைச் சட்டையில் இருந்தார்கள். சிலர் சட்டையில் கூட்டத்துப் பேட்ஜ்கூடக் குத்தியிருந்தது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. புதுத் தார்ப்பாய்களைப் பிரித்து ஆளுக்கொரு மூலையாக இழுத்தார்கள். காற்று பிடுங்கியது. போர்வெல்காரர் கல் தேடி ஓடினார். மழை கனத்தது. ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் திறந்துகொண்டது. களம் சாலையைவிடத் தாழ்வு. தண்ணீர் அடியில் புகுந்தது. மேலே மூடிய சோளம் கீழே ஊறியது. அக்கா மண்வெட்டியால் தண்ணீரை வெட்டிவிட்டுக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் குழுவின் கார் வந்தது. அதன் பின்னாலேயே டிராக்டர். டிராக்டருக்கு முன்னால் பைக்கில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பேக்கரி அண்ணன். சிறுவாச்சூர்க் கூட்டத்தில் மாலைக்கடைக்காரர்களின் காலில் விழாத குறையாக வழி வாங்கி, வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார். ஆனால் நனைந்த கதிரை மிஷினில் போட முடியாது. மிஷின்காரர் இறங்கி, ஒரு கதிரை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

குழுவில் இரண்டு பேர். ஒருவர் ஐம்பது வயதிருக்கும் அம்மா, இன்னொருவர் கணக்குப் பார்க்கிறவர். அந்த அம்மா குடையோடு இறங்கி வந்தார். மழையில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் பத்துப் பேர் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அக்கா மண்வெட்டியைக் கீழே போட்டார். அதற்குள் யாரோ அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும்.

“இத்தனை பேரு வெளையாட்டுக்குக் கூப்புட்டாங்களாம், அங்கல்லாம் மிஷின் போயிருக்கு. நெசமா கூப்புட்டவ நான் ஒருத்தி. எனக்குத்தான் வரல.”

அவர் கத்தவில்லை. குழுவைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார். பேக்கரி அண்ணன் பைக்கை விட்டு இறங்காமல் தலைகுனிந்திருந்தார்.

அந்த அம்மாவிடம் நான் மறைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இவர்கள் எல்லோரும் என் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள், எண் கூடட்டும் என்று ஆசையில் பொய்யாகப் பதிவு செய்திருக்கிறார்கள், இன்று காலைதான் எனக்கே தெரியும் என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே கோள் சொல்கிற குரலாகக் கேட்டது. அந்த அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“உண்மையில எத்தனை பேர்னு திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள்ள அனுப்புங்க. நூறு இருந்தா மேல பேசலாம். இல்லைன்னா இந்தத் தடவை எங்களால ஒண்ணும் பண்ண முடியாது” என்றார். போகும்போது அக்காவிடம் நின்று ஏதோ கேட்டார். அக்கா தலையை மட்டும் அசைத்தார்.

மறுநாள் சனிக்கிழமை. பெரம்பலூரில் கூட்டம். போகவேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எந்தப் பதிவு பொய், எது மெய் என்று எனக்குத் தனியாகப் பிரிக்கத் தெரியவில்லை. அந்த ஐம்பது பேரில் பாதிப் பேருக்கு ஊரில் நிலம் இருக்கிறது, சோளம் போடுகிற சித்தப்பா இருக்கிறார். அவரவர் வாயால் சொன்னால்தான் உண்டு. அதாவது, வைத்த மொய்யை எடுத்துக்கொண்டு போங்கள் என்று நான் ஐம்பது பேரிடம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மொய்யைத் திருப்பிக் கொடுப்பதும் இனி உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்பதும் ஒன்றுதான். அண்ணன் தம்பிகள் அப்படிப் பிரிந்து, செத்தாலும் போகாமல் இருக்கிற குடும்பங்களை எனக்கே தெரியும்.

ஓட்டல் மாடியில் அன்று கேலியே இல்லை. ஒவ்வொருவராக எழுந்து, இந்த வாரம் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி உட்கார்ந்தார்கள். என் முறை வந்தது. எழுந்தேன். மேஜையைப் பிடித்துக்கொண்டேன். நேற்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்து வந்திருந்தேன். ஆனால் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு இந்த வாரம் வேண்டியது ஒன்றுதான், எனக்காக நீங்கள் போட்டதை எல்லாம் எடுத்துவிடுங்கள் என்றேன்.

பேக்கரி அண்ணனின் முகம் சிவந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். போய்விடுவார் என்றே நினைத்தேன்.

“வச்ச மொய்யத் திருப்பிக் குடுக்கற அளவுக்கு நாங்க வேத்தாளாயிட்டமா?”

“வேத்தாளா இருந்தா நானே அழிச்சுட்டுப் போயிருப்பேண்ணே. உங்ககிட்ட வந்து கேட்டுட்டு நிக்கிறேன்ல.”

அவர் அப்படியே நின்றார். அவருக்கு என்மேல் இருந்த கோபம் குறையவில்லை, எனக்கும் குறையவில்லை. பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என் முன்னால் வைத்தார். இதை எப்படி எடுக்கிறதென்று எனக்குத் தெரியாது, போட்டது மாஸ்டர், நீயே எடுத்துக்கொள் என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்து போன்களை வைத்தார்கள். போட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எடுக்கத் தெரியவில்லை. ஒவ்வொரு போனாகத் திறந்து, இது நிஜமா அண்ணே என்று கேட்பேன். இல்லம்மா என்பார்கள். அழிப்பேன். மனைவியின் பெயர், மச்சானின் பெயர், மருமகளின் பெயர் என்று தங்கள் பங்குக்கு வைத்த அத்தனையையும் வாய்விட்டுச் சொன்னார்கள். இரண்டு வருஷம் கண்விழித்துச் செய்ததை நானே என் விரலால் ஒவ்வொரு போனிலிருந்தும் பிடுங்கிப்போட்டேன். பாதியில் கண்ணீர் வந்துவிட்டது. துடைக்காமல் வேலையைப் பார்த்தேன். போர்வெல்காரரின் போனைத் திறந்தபோது அவர் மட்டும் என் கையைத் தடுத்தார். ரெண்டு ஏக்கர் நிஜமாகவே போட்டிருக்கிறேன், எனக்கு மிஷின் வேணும் என்றார். அவரை விட்டுவிட்டேன். இட்லி ஆறிப்போயிருந்தது. அன்று யாரும் சாப்பிடாமல் போகவில்லை, அதுவரை சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து திரையைப் பார்த்தேன். எழுபத்துச் சொச்சம். முன்பு இருந்ததைவிடவும் குறைவு. வெள்ளிக்கிழமை நடந்தது பரவியிருக்கிறது; நிஜமாக இருந்தவர்களிலும் சிலர் விலகியிருக்கிறார்கள். யார் யார் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். களத்து அக்காவின் பெயர் இல்லை. நூறு வராது என்று முன்பே தெரியும், அது என்னை அவ்வளவாகத் தாக்கவில்லை. அந்த ஒரு பெயரைத்தான் மறுபடி மறுபடி தேடினேன். அம்மா வந்து, பெட்டியை எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டார். லேப்டாப்பை மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனேன். ஸ்கூட்டி என்றால் பாதி வழியில் திரும்பிவிடுவேன். பஸ் என்றால் போய் இறங்கித்தான் ஆகவேண்டும். வெயில் நன்றாக அடித்தது. அக்கா களத்தில் கதிரைப் பரப்பிவிட்டு, கறுத்தவற்றைப் பொறுக்கித் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தார். என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பொறுக்குவதைத் தொடர்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினேன். அடிக் குவியலில் பாதிக்குமேல் கெட்டிருந்தது. கோழித் தீவனத்துக்காரர்கள்கூட எடுக்க மாட்டார்கள். என்ன ஆறுதல் சொன்னாலும் பொய்யாக இருக்கும். ஒரு வரிசை முடிந்தபிறகுதான் அவர் வாயைத் திறந்தார். மீதி வியாழக்கிழமைக்குள் காய்ந்துவிடும், அதை அடித்தாக வேண்டும் என்றார். பக்கத்துக் களத்தில் நாத்தனாருக்கும் சோளம் கிடக்கிறதாம், அவளும் மிஷினுக்குத்தான் காத்திருக்கிறாளாம்.

“போன்லல்லாம் நான் இனிமே போட மாட்டேன். நீ சொல்லு. வியாழக்கெழம மிஷின் வருமா, வராதா?”

ஓசூருக்குப் போகிறவள் அதற்குப் பதில் சொல்ல முடியாது. வரும் என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் குழுவுக்கு அந்த எண்ணை அனுப்பினேன். எழுபத்துச் சொச்சத்தை எழுபத்துச் சொச்சமாகவே. இந்தத் தடவை முடியாது என்ற பதில் மறுநாள் மரியாதையாக வந்தது. ஓசூர்க் கம்பெனிக்கு வரவில்லை என்று பஸ்ஸிலேயே எழுதினேன், எழுத்துப்பிழையோடே போய்விட்டது. அடுத்த மாதம் எப்படி ஓடும் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருந்தது. பிறகு உடையார்பாளையத்து மிஷின்காரரைக் கூப்பிட்டேன். இரண்டு தடவை அடித்து நின்றது. மூன்றாம் தடவை எடுத்தார். வியாழக்கிழமை அதே களத்துக்குப் போக வேண்டும் என்றேன்.

“நெசமாவாம்மா?” என்றார்.

“நெசமாத்தாண்ணே. நானும் வண்டியில ஏறிக்கிறேன். எங்க வந்து நிக்கட்டும்?”